நத்தைக்கு வைத்த கொட்டாங்கச்சி

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஒரு நாய்க்காக இவள் இப்படி மூக்கைச் சிந்துகிறாளே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதிர்வீட்டு நாய் செத்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது நாய்க்காக இல்லை, கொளஞ்சி அண்ணனுக்காக.

கீரப்பாளையத்துக்குக் கொஞ்சம் வெளியே, வயலைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பெயர் சந்திரலேகா. என் வாய்க்குப் பயந்து அரிசி மூட்டை கூட எடை குறையாமல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னை "தங்கச்சி" என்று கூப்பிட்டே வாயடைத்து வைத்திருந்த ஒரே மனுஷர் எதிர்வீட்டுக் கொளஞ்சி அண்ணன்தான்.

வேலையில் இருந்தவரை அவர் குடும்பம் கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருந்தது. செம்மங்குப்பம் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் வேலை. இளவட்டமாகப் போனவர் தலை நரைத்து வெளியே வந்தார். வரும்போது மூக்கு மட்டும் வரவில்லை. முகத்தில் மூக்கு இருந்தது, வாசம்தான் தெரியாது. முதலில் மல்லிகைப் பூ போனதாம். அப்புறம் மண்ணெண்ணெய். ஒருநாள் ஞானாம்பாள் அண்ணி அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னா கொழம்பு?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அண்ணிக்கு விஷயமே தெரிந்தது.

"கருவாடே தெரியலன்னா அப்புறம் என்னா மூக்கு தங்கச்சி, கண்ணாடி மாட்டத்தான்" என்பார் அண்ணன். கம்பெனி டாக்டர் நாள்பட்ட சளி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். சளி போயிற்று, மூக்கு வரவில்லை. வேலையை விட்ட அன்றைக்குக் கழுத்தில் ஒரு மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலைக்கு வாசம் இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அன்றைக்குக் கம்பெனி வாசலில் ஷிப்டு முடிந்து எல்லோரும் கலைந்தபோது, ஒரு நாய்க்குட்டி மட்டும் இவர் காலைச் சுற்றியிருக்கிறது. சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். அதற்கு "ஷிப்டு" என்றே பேரும் வைத்தார். எங்கள் தெருவில் யார் எதைக் கேட்டாலும் சிரிக்காத அண்ணி கூட, "ஷிப்டு, வா சாப்பிட" என்று கூப்பிடும்போது சிரித்துவிடுவார்.

அந்த நாய்தான் அவருக்கு மூக்கு. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அண்ணி கடைக்கோ கோயிலுக்கோ போய்விட்டால், பால் கெட்டிருக்கிறதா என்று அவருக்குப் பார்க்கத் தெரியாது. ஒரு சொட்டை ஷிப்டு முன்னால் வைப்பார். நக்கினால் காப்பி, முகத்தைத் திருப்பினால் கொட்டிவிடுவார். மீனும் அப்படித்தான், மிச்சச் சோறும் அப்படித்தான். ஒருநாள் அண்ணி என் வீட்டில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தபோது அந்த நாய் குரைத்த குரைப்பில் தெருவே கூடிவிட்டது. போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எனக்கே அந்த நாயின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அப்போதும் பிடிக்கவில்லை, மரியாதைதான்.

வீட்டுக்குப் பின்னால் அண்ணன் தோட்டம் போட்டார். கத்தரி, முள்ளங்கி, தண்டுக்கீரை. எல்லாவற்றையும்விட ஜாஸ்தியாகக் கனகாம்பரம். "மல்லி வைக்கலாமே அண்ணே" என்று ஒருநாள் கேட்டேன். "மல்லி பூத்தா ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது. அது முன்னால எல்லாரும் என்னை மாதிரிதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு இரவு வரைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து மழையில் பக்கத்து மனைகளைத் தூர்க்க லாரி லாரியாக மண் வந்தது. அதோடு வந்தன நத்தைகள். சின்னக் குளத்து நத்தை இல்லை, கை அகலத்துக்கு ஒவ்வொன்றும். பேப்பரில் அதற்கு ஆப்பிரிக்க நத்தை என்று பேர் போட்டிருந்தான். எந்த ஊர் நத்தையாக இருந்தால் என்ன, தின்றது எங்கள் ஊர்க் கீரையை. பொழுது சாய்ந்தால் சுவரில் ஏறும், பப்பாளி மரத்தில் ஏறும், குழாயில் தொங்கும். காலையில் பார்த்தால் கனகாம்பரச் செடியில் இலை இருந்த இடத்தில் நரம்புதான் இருக்கும்.

உரக்கடைக்காரர் நீல நிறத்தில் குருணை மருந்து ஒன்றைக் காட்டினார். தூவினால் ஒரே ராத்திரியில் அத்தனையும் காலி என்றார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுக்கப் படித்தார். நாய், பூனை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நத்தைக்கு எட்டுறது நாய்க்கு எட்டாதா? ரெண்டும் தரையிலதான நடக்குது" என்றார் என்னிடம். "மருந்துன்னு ஒண்ணு இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது தங்கச்சி. செடி போனா வேற செடி. ஷிப்டு போனா நான் எதை வெச்சு மோந்து பாக்குறது?"

அதற்கப்புறம் ஆரம்பித்தது ஒரு யுத்தம். நத்தை ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் நாய்க்கு ஒன்றும் ஆகாத ஆயுதம் என்னவென்று தேடுகிற தேடல். பள்ளிக்கூடத்தில் தினமும் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. அந்த முட்டை ஓடுகளையெல்லாம் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். நொறுக்கிப் பாத்தியைச் சுற்றிப் போட்டார். நத்தை அதன் மேல் நிதானமாக ஏறி இறங்கிப் போயிற்று. சாம்பல் போட்டார், காய்ந்திருந்தவரை நத்தை நின்றது, மழை பெய்ததும் சாம்பல் கரைந்தது. சுண்ணாம்பு போட்டார், ஷிப்டு அதில் நடந்து பாதத்தை நக்குவதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் அத்தனையையும் வாரிக் கொட்டினார். உப்பைப் போடச் சொன்னார்கள். உப்புப் போட்டால் நத்தையும் சாகும், மண்ணும் சாகும் என்று சொல்லி அதைத் தோட்டத்தில் இறக்கவே இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பழைய செம்புக் கம்பி வாங்கித் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினார், செம்பு பட்டால் நத்தை ஏறாதாம். தொட்டிச் செடிகள் ஓரளவுக்குத் தப்பின. தோட்டம் முழுக்கக் கட்டச் செம்புக்கு எங்கே போவது?

வாத்து கூட வாங்கிவந்தார். வாத்துகள் குட்டி நத்தையைத் தின்றன, கூடவே கீரை நாற்றையும் தின்றன. பெரிய நத்தையைக் கண்டால் மட்டும் ஒதுங்கி வழிவிட்டன. ஷிப்டு அந்த வாத்துகளுக்குக் காவல் உட்கார்ந்து இளைத்ததுதான் மிச்சம்.

கடைசியில் கையால் பொறுக்குவது என்று ஆயிற்று. பொழுது சாய்ந்ததும் கையில் உறை, மூடி போட்ட வாளியில் உப்புத் தண்ணீர். அண்ணனுக்கு மூட்டுவலி. குனிவார், பொறுக்குவார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். பப்பாளித் தழையைப் போட்டு மேலே ஈரச் சாக்கை விரித்து வைப்பார், காலையில் தூக்கினால் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியே எடுத்து வாளியில் போடுவார். ஷிப்டு கூடவே போகும். புதரில் எங்கேயாவது நத்தை ஒளிந்திருந்தால் மோப்பம் பிடித்து நின்று அவரைத் திரும்பிப் பார்க்கும். "பாரு தங்கச்சி, நான் கை, அது மூக்கு" என்பார்.

கொட்டாங்கச்சி யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவராகவே கண்டுபிடித்தார் என்றுதான் நினைக்கிறேன். தவிட்டையும் வெல்லத்தையும் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பார். கொட்டாங்கச்சிகளை மண்ணில் விளிம்பு வரை புதைத்து அதில் ஊற்றி வைப்பார். வாடைக்கு நத்தை வரும், குடிக்கக் குனியும், உள்ளே விழுந்து மூழ்கிவிடும். பெரியதுகள் தப்பினாலும் குட்டிகள் அத்தனையும் மாட்டின. கனகாம்பரம் மறுபடியும் துளிர்த்தது. அண்ணன் முகத்திலும் ஏதோ துளிர்த்த மாதிரிதான் இருந்தது.

அதில் மருந்து என்று ஒன்றும் இல்லை அல்லவா? கரைத்து வைத்த புதுசில் ஷிப்டு வந்து நக்கும். முதல் தடவை அது கொட்டாங்கச்சியை மோந்துவிட்டுப் பின்வாங்கியது. புளிப்பு வாடை அதற்குப் பிடிக்கவில்லை. அண்ணன்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலில் தொட்டு நக்கக் கொடுத்து, "ஒண்ணும் இல்லடா, தின்னு, நம்ம சரக்குதான்" என்றார். நானே பார்த்தேன். அப்புறம் அதற்கு அது தினப்படிப் பலகாரம் ஆகிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். "நம்ம மருந்தை நாய் திங்குது பாருங்க. அதைவிட என்னா சர்ட்டிபிகேட்டு வேணும்?"

அவர் தோட்டம் பிழைத்ததைப் பார்த்து மற்றவர்களும் கேட்க வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தேவநாதனும் வந்தான். நல்ல பையன். தறுதலை இல்லை, குடி கிடையாது. கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறான். அண்ணனை "மாமா மாமா" என்று சுற்றி வருவான். அவன் பரங்கிக்கொடியை நத்தை மொட்டையடித்திருந்தது. அண்ணன் அவன் வீட்டுக்கே போய்க் கொட்டாங்கச்சி புதைக்கிற ஆழம் வரைக்கும் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்கழித் திருவாதிரை வந்தது. எங்கள் பக்கம் சிதம்பரத்தில் தரிசனம் என்றால் மாவட்டத்துக்கே லீவு. வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள். முதல் நாள் தேவநாதன் வீட்டிலும் களிக்கென்று வெல்லம் வாங்கியிருந்தார்கள். அதில் மிஞ்சியதை எடுத்துத் தவிட்டோடு கரைத்து சாயங்காலம் கொட்டாங்கச்சிகளில் ஊற்றியிருக்கிறான். மாமா சொன்ன பக்குவம்தான். ஆனால் வெறும் தவிட்டுத் தண்ணீரில் நத்தை சாகுமா என்று அவனுக்கு ஒரு சந்தேகம். கொட்டகையில் நெல்லுக்கு அடித்த மருந்து அடியில் கொஞ்சம் கிடந்தது. அதையும் கலந்துவிட்டான்.

தரிசனத்தன்று காலையில் நான் களியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் செம்புக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஷிப்டு பக்கத்து வேலிப் பக்கமிருந்து வந்தது. வந்த நடையே சரியில்லை. பின்னங்கால் ஒரு பக்கம் போயிற்று, வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. அவர் காலடியில் வந்து படுத்தது, உடம்பெல்லாம் வெடவெடவென்று உதறியது.

"என்னாடா? என்னாடா ஆச்சு?" என்று அண்ணன் அதன் வாயைத் துடைத்தார். துடைத்த கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனார். பாவம், எத்தனையோ வருஷத்துப் பழக்கம். ஒன்றும் தெரியாமல் அந்தக் கையையே பார்த்தார்.

சத்தம் கேட்டு அண்ணி உள்ளேயிருந்து வந்தார். நாயிடம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க" என்றார். "உங்க கம்பெனிச் சட்டை வாசம் வருதுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டையைத் துவைத்தவர் அவர். எந்தச் சோப்புப் போட்டாலும் போகாத வாசம் அது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அண்ணன் எழுந்துவிட்டார். கேட்காமலே பக்கத்து வேலியைத் தாண்டிப் பார்த்தார். பரங்கிப் பாத்தியில் நக்கித் துடைத்த கொட்டாங்கச்சி ஒன்று கிடந்தது.

தேவநாதன் பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்தான். "மாமா, நீங்க காட்டுன மாதிரிதான் வெச்சேன். சீக்கிரம் சாவட்டும்னு வயலு மருந்து துளி சேத்தேன். நம்ம ஷிப்டு இந்தப் பக்கம் வரும்னு நெனைக்கல மாமா" என்றவன் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

"அழுவுறதுக்கு நேரம் இல்லடா" என்றார் அண்ணன். "அட்ரோபின் ஊசி போட்டா பொழைக்கும். கம்பெனியில மருந்து ஏறுனவங்களுக்கு அதைத்தான் போடுவாங்க. வண்டிய எடுக்கச் சொல்லு."

எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அண்ணாமலை நகர்ப் பக்கம் நாய்க்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிற செம்பியனின் வண்டியில் ஏறினோம். அண்ணன் மடியில் நாய், பக்கத்தில் நான். ஏன் ஏறினேன் என்று தெரியாது, கையில் களித் தூக்கு வேறு அப்படியே இருந்தது.

சிதம்பரத்துக்குள் நுழையும்போதே ஜனம். தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை பேருந்தும் அன்றைக்கு அங்கேதான் நின்ற மாதிரி இருந்தது. டாக்டர் இருப்பது ஊருக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் நடராஜர். தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர் சுற்றிப் போகச் சொன்னார். சுற்றிப் போன சாலையிலும் தடுப்பு. செம்பியன் ஆரன் அடித்து அடித்துக் களைத்துப்போய், "அக்கா, ஆளுங்க மேலதான் ஏத்தணும்" என்றான்.

"எறங்கி நடக்கிறேன்" என்று அண்ணன் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். முட்டிவலிக்காரர், வளர்ந்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்தார். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நான் முன்னால் கத்திக்கொண்டே போனேன். தரிசனத்துக்குப் போகிற ஜனம், நாயைக் கண்டு சிலர் ஒதுங்கினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மா, "நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பேருந்து நிலையம் தாண்டவில்லை. ஒரு பூட்டின கடை வாசலில் அண்ணன் நின்றார். தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார். உதறல் நின்றிருந்தது. கண் திறந்தபடி இருந்தது. அவர் தன் முகத்தை நாயின் முகத்தோடு சேர்த்து வைத்து இழுத்து இழுத்து மூச்சை வாங்கினார். என்ன தேடினார் என்று எனக்குப் புரிந்தது. கடைசியாக ஒரு தடவையாவது அதன் வாசம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்திருக்காது. சுற்றிலும் ஊரே சிவசிவா என்று போய்க்கொண்டிருந்தது, நான் நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன்.

தோட்டத்தில், கனகாம்பரத்துக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள். தேவநாதன் குழி வெட்டினான். வெட்டி முடித்து அண்ணன் காலில் விழப் போனான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "போடா, போயி அந்தக் கொட்டாங்கச்சி எல்லாத்தையும் எடுத்துப் பத்திரமா மூடிப் போடு. பூனை, கோழி வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

அவன் போனதும் என்னிடம் சொன்னார். "ஷிப்டுக்கு அந்த வாசம் தெரியாம இருந்திருக்காது தங்கச்சி. கெட்டுப்போன பாலையே தொடாத நாயி. மூக்கு வேணாம்னுதான் சொல்லியிருக்கும். ஆனா கொட்டாங்கச்சியில இருக்கிறதைத் தின்னலாம்னு நான் சொல்லிக் குடுத்திருக்கேன். அது மூக்கை நம்பல, என்னை நம்பிச்சு."

 

அதற்கப்புறம் அவர் நத்தை பொறுக்கவில்லை. ஈரச் சாக்கை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. தேவநாதன் ஒருநாள் கையில் உறை போட்டுக்கொண்டு வாளியோடு வந்தான். அண்ணன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தை பிறக்கும்போது கனகாம்பரப் பாத்தியில் குச்சிகள்தான் நின்றன. பட்டப்பகலிலேயே அதில் நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி இப்போதெல்லாம் கடைக்குக் கூடப் போவதில்லை. அடுப்பு எரிகிற வீட்டில் அவரைத் தனியாக விட்டுப்போகப் பயம்.

அவர் செய்கிற ஒரே வேலை கை கழுவுவது. சோப்புப் போட்டுக் கழுவுவார், சீயக்காய் போட்டுக் கழுவுவார், மண் போட்டுத் தேய்ப்பார். கழுவிவிட்டு அண்ணியிடம் நீட்டுவார். "ஞானம், அந்த வாசம் இருக்கா பாரு." அண்ணி முகர்ந்துவிட்டு இல்லை என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்து குழாயடிக்குப் போவார். தோல் உரிந்து விரலெல்லாம் சிவந்து கிடக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிட்டார். "அவ என் மனசுக்காக இல்லைன்னு சொல்றா தங்கச்சி. நீ யாருக்கும் பயந்து பேசுற ஆளு இல்ல. நீ சொல்லு" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

குனிந்து முகர்ந்தேன். சோப்பு வாசம்தான் இருந்தது, சத்தியமாக வேறு ஒன்றும் இல்லை. "இல்லண்ணே. ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை.

"ஷிப்டு இருந்தா தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.